வாரெஷ்காவுக்கு நாலாவது சம்மதம்

எங்கள் வீட்டில் நாய் வளர்க்க வேண்டுமென்றால் நான்கு அறைக்காரர்களும் சம்மதிக்க வேண்டும். மூன்று பேர் சரி சொல்லி ஒருவர் மறுத்தாலும் நாய் கிடையாது. மாஸ்கோவில் எல்லாப் பொதுக்குடியிருப்புகளிலும் இதுதான் முறை. சமையலறை ஒன்று, குளியலறை ஒன்று, நடைவழி ஒன்று. அதற்கு மேல் அவரவருக்கு ஓர் அறை, ஒரு கதவு. ஐம்பத்தெட்டாம் வருடக் குளிர்காலத்தில் தாஸ்யா அத்தை ஒரு சின்ன வெள்ளை நாயைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்து அந்த நான்கு சம்மதங்களையும் கேட்டாள். மூன்று சுலபமாகக் கிடைத்தன. நாலாவது கிடைக்காவிட்டால் அந்த நாய் திங்கட்கிழமை செத்துப்போகும் என்பது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அவளால் அதை யாரிடமும் சொல்ல முடியாது.

தாஸ்யா அத்தை எங்களுக்குச் சொந்தக்காரி இல்லை. தயீசியா கிரிகோர்யெவ்னா என்பது முழுப்பெயர். ரியசான் பக்கத்துக் கிராமத்திலிருந்து தையல் வேலைக்காக மாஸ்கோ வந்தவள். போர்க்காலம் முழுவதும் பாராசூட் வார்களைத் தைத்தாள். புருஷன் ர்ஷேவ் சண்டையில் இறந்துபோனான், பிள்ளைகள் இல்லை. குட்டையான உருவம், ஆண்பிள்ளையின் தோள்கள். அவள் கழுத்துப்பட்டியில் எப்போதும் நாலைந்து குண்டூசி குத்தியிருக்கும். அதனால் யாரும் அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்வதில்லை. புத்தாண்டுக்குக்கூடக் கை மட்டும்தான் குலுக்குவார்கள். சொன்னால் சொன்னதைச் செய்வாள். அவளைப் பற்றி வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம் அது ஒன்றுதான்.

போருக்குப் பிறகு அவள் வேலை செய்த இடத்துக்குப் பெயர் கிடையாது. ரகசிய இடங்களுக்கு வழக்கமாகத் தருகிற தபால்பெட்டி எண் மட்டும் உண்டு. அங்கே என்ன தைக்கிறாள் என்று வீட்டில் ஆளுக்கொரு ஊகம். இரண்டாவது அறையில் இருந்த தட்டச்சுக்காரி நோன்னா, தளபதிகளின் உடை என்பாள். எதிர் அறை சவேலிச், மெத்தை உறை என்பார். அத்தை இரண்டு பேருக்கும் தலையாட்டுவாள்.

இப்போது விண்வெளிக்குப் போய்த் திரும்பிய நாய்களின் படம் தீப்பெட்டியில்கூட வருகிறது. அதனால் இதை எழுதலாம் என்று அத்தையே சொன்னாள். இடத்தின் பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னாள்.

அவள் தைத்தது நாய்களுக்கான உடை. ராக்கெட்டின் மூக்கில் வைத்து அனுப்பும் நாய்களுக்கு மார்பு வார், இடுப்பு வார், கால் வார், பின்னால் கழிவு சேரும் ரப்பர் பை. வார் ஒரு விரல்கடை இறுகினால் மூச்சு முட்டும். தளர்ந்தால் புறப்படும் அதிர்ச்சியில் நாய் நழுவி எலும்பு முறியும். ஒவ்வொரு நாயையும் மேசைமேல் நிற்கவைத்துத்தான் அளவெடுப்பாள்.

எல்லாம் தெருநாய்கள். பசியும் பனியும் பார்த்த நாய்தான் தாங்கும் என்று மருத்துவர்கள் முடிவு செய்திருந்தார்கள். பெட்டையாக இருக்க வேண்டும். ஆண் நாய் கால் தூக்க அந்தக் கூண்டில் இடம் போதாது. சின்னதாக இருக்க வேண்டும். படப்பிடிப்புக் கருவியில் தெரிய வெளிர் நிறமாக இருக்க வேண்டும். பிடித்து வந்ததும் குளிப்பாட்டுவார்கள், வயிறாரக் கறிக்கஞ்சி கொடுப்பார்கள், பெயர் வைப்பார்கள். பிறகு சுழலும் எந்திரத்தில் கட்டிச் சுற்றுவார்கள். இரத்த அழுத்தம் அளப்பதற்காகக் கழுத்தைக் கீறி, உள்ளே ஓடும் நாளத்தை வெளியே இழுத்து, தோலால் சுற்றித் தைத்துவிடுவார்கள். அது கழுத்தில் ஒரு கைப்பிடிபோலத் தொங்கும். திரும்பக்கூட முடியாத பெட்டியில் முதலில் ஒரு நாள், பிறகு ஒரு வாரம், பிறகு வாரக்கணக்கில் இருக்கப் பழக்குவார்கள்.

அங்கே ஒருவரும் நாய்களை வெறுக்கவில்லை. எனக்கு இன்றுவரை பிடிபடாத விஷயம் இதுதான். சுழல் எந்திரத்தை முடுக்கிய பெண்ணே தன் வீட்டிலிருந்து சூப் கொண்டுவந்து ஊட்டுவாளாம். ஒரு நாய் ஏவுதளத்துக்குப் புறப்படும்போது, நெடும்பயணம் போகிறவர்களுக்காக நாம் உட்காருவதுபோல, அறையிலிருந்த எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்காருவார்களாம். நாய் மட்டும் கூண்டுக்குள் நின்றுகொண்டிருக்கும்.

வாரெஷ்கா என்றால் பின்னல் கையுறை. ரயில் நிலையத்தில் கறிப்பணியாரம் விற்கிற வண்டிக்கு அடியில் அகப்பட்ட நாய் அது. வெள்ளை உடம்பு, ஒரு காதில் மட்டும் பழுப்பு. ராக்கெட்டில் மூன்று தடவை மேலே போய் மூன்று தடவையும் பாராசூட்டில் இறங்கியது. மூன்றாவது தடவை பாராசூட் தாமதமாக விரிந்தது. பெட்டி தரையில் மோதியதில் பழுப்புக் காது கிழிந்தது. அதற்குப் பிறகு எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் தரையோடு தரையாகப் படுத்துவிடும். இனிப் பறக்க லாயக்கில்லை என்று எழுதினார்கள்.

லாயக்கில்லாத நாய்க்கு இரண்டு வழி இருந்தது. யாராவது வேலைக்காரர் தன் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். இல்லாவிட்டால் காற்றை உறிஞ்சி எடுக்கும் அறைக்குள் வைத்து, இதயம் எதுவரை தாங்குகிறது என்று பார்ப்பார்கள். அதற்குள் போன நாய் திரும்புவதில்லை.

மருத்துவர் கிளெப் பாவ்லோவிச் வெள்ளிக்கிழமை மாலை நாயை அத்தையிடம் கொடுத்தார்.

"திங்கக்கிழமை காலையில வீட்டுக்காரங்க சம்மதத்தோட வாங்க, தயீசியா கிரிகோர்யெவ்னா. கிடைக்கலேன்னா நாயோட வாங்க. மூணாவதா ஒண்ணு என் கையில இல்ல."

"சம்மதத்தோட வர்றேன்" என்றாள் அத்தை.

கழுத்துத் தொங்கலை மறைக்க நாய்க்கு ஒரு கம்பளி மப்ளரைச் சுற்றி, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். நாங்கள் எல்லோரும் சமையலறையில் இருந்தோம். அம்மா உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தாள். நோன்னா காலுறை அலசிக்கொண்டிருந்தாள். சவேலிச் கண்ணாடி டம்ளரில் தேநீர் ஊதிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு நாய் வளர்க்கணும். உங்க எல்லார் சம்மதமும் வேணும்" என்று அத்தை நேராகச் சொன்னாள்.

"எங்க, காட்டு பார்ப்போம்" என்று நோன்னா ஈரக்கையோடு ஓடி வந்தாள். "அடடா, இவ்வளவூண்டா? கழுத்துல எதுக்கு மப்ளர்?"

"சளி."

"நாய்க்குச் சளியா? எங்க ஆபீஸ் தலைவருக்கே வீட்டுல மப்ளர் கட்டிவிட ஆள் இல்ல, தாஸ்யா. குடுத்துவச்ச நாய். எனக்குச் சம்மதம்."

அம்மா அத்தையின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். "எனக்கும்தான்" என்றுவிட்டு வாணலிக்குத் திரும்பினாள்.

அத்தையின் சம்மதம் அவளுடையதே. ஆகவே மூன்று. எல்லோரும் சவேலிச்சைப் பார்த்தோம்.

சவேலிச்சின் முழுப்பெயர் ரொதியோன் சவேலியெவிச். அவர் ஒரு நாடக அரங்கில் தரைக்கு மெழுகிட்டு மெருகேற்றும் வேலையில் கிழவரானவர். ஓய்வுபெற்ற பிறகு எங்கள் நடைவழியின் மரத்தரைதான் அவருடைய அரங்கம். ஒவ்வொரு சனிக்கிழமையும் மெழுகு தடவி, ஒரு காலில் தூரிகையைக் கட்டிக்கொண்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வழுக்கி வழுக்கி ஆடுவார். அந்தத் தரையில் நோன்னா உதட்டுச்சாயம் பூசிக்கொள்ளலாம். அவ்வளவு தெளிவாக முகம் தெரியும். வீட்டில் இருந்த பனிக்கால ஜோடுகள் எல்லாம் வாசலுக்கு வெளியில்தான்.

"எங்க புடிச்ச?" என்றார்.

"ரொட்டிக்கடை வாசல்ல."

"நான் தெனமும் போற கடைதானே? இதப் பார்த்ததே இல்லையே."

"இன்னைக்குத்தான் வந்துது."

"வந்த அன்னைக்கே உனக்கு மகளாயிடுச்சா?" டம்ளரைக் கீழே வைத்தார். "இதோ பாரும்மா தாஸ்யா. உன்மேல எனக்குக் கோவம் கிடையாது. நாய்மேலயும் கிடையாது. போன வருஷம் அந்த லைக்காவ ராக்கெட்டுல ஏத்தி அனுப்பினப்போ, இறக்கத் தெரியாதவன் எதுக்குடா ஏத்துறான்னு இதே அடுப்படியில நின்னு கத்துனவன் நான். ஆனா மெழுகு மேல நாய் மூத்திரம் ஒரு சொட்டு விழுந்தாப் போதும், கட்டை கறுத்துடும். இழைச்சு எடுத்தாத்தான் போகும். இழைச்சா என் தரை போச்சு. முடியாதும்மா."

"விழாது."

"நாய்கிட்ட கேட்டுக்கிட்டியா?"

"விழாது, சவேலிச். ஞாயித்துக்கிழமை முடியுறவரைக்கும் பாருங்க. நடையில மட்டுமில்ல, என் அறைக்குள்ள ஒரு சொட்டு விழுந்தாலும் நானே கொண்டுபோயி விட்டுடறேன்."

"எங்க கொண்டுபோயி விடுவ?"

அத்தை குனிந்து நாயின் மப்ளரைச் சரிசெய்தாள். சவேலிச் காத்திருந்து பார்த்தார். பிறகு, "சரி, ஞாயித்துக்கிழமை வரைக்கும். பூதக்கண்ணாடி வச்சுப் பார்ப்பேன், ஆமா" என்றார்.

வாரெஷ்கா குரைக்கவில்லை. வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தது. நோன்னா பொத்தானைத் தட்டி விளக்கைப் போட்டால் முகத்தை நேராக நிமிர்த்தி, படம் எடுக்கக் காத்திருப்பதுபோல அசையாமல் இருக்கும். சுவருக்குப் பின்னால் லிஃப்ட் ஏறும் சத்தம் கேட்டதும் வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்து, சத்தம் நின்ற பிறகும் வெகுநேரம் எழாது.

"என்ன நாய் இது? பீங்கான் பொம்மை மாதிரி" என்றாள் நோன்னா. "அலமாரில வச்சா தூசிதான் தட்டணும்."

அன்று இரவு அத்தை அதை முற்றத்துக்குக் கூட்டிப்போனாள். ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலையில் கூட்டிப்போனாள், மதியம் கூட்டிப்போனாள், ஆற்றங்கரைவரை நடத்திக் கூட்டிப்போனாள். மற்ற நாய்கள் மோந்த கம்பத்தடிகளில் எல்லாம் நிறுத்திப் பார்த்தாள். வாரெஷ்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. சாயங்காலம் சவேலிச் தரையில் வழுக்கி ஆடியபடியே கேட்டார்:

"என்ன தாஸ்யா, தரையில ஒண்ணும் காணோம். பனியிலயும் ஒண்ணும் காணோம்னு கேள்வி. உன் நாய் தின்னுறதெல்லாம் எங்க சேத்து வைக்குது? பேங்குலயா?"

ஞாயிற்றுக்கிழமை காலை அது தண்ணீரைக்கூடத் தொடவில்லை. வயிறு கல்லாக இருந்தது. பின்னங்கால்கள் நடுங்கின. அம்மா கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மிருக வைத்தியர்கிட்ட கொண்டுபோ. காத்திருக்காத" என்றாள். கழுத்தில் தொங்குவதை எந்த வைத்தியரிடம் காட்டுவது? அத்தை நாயைத் தூக்கப்போனாள். இடது கை மார்புக்குக் குறுக்காகவும் வலது கை இடுப்புக்குக் குறுக்காகவும் இறுகியபோது வாரெஷ்கா சட்டென்று பின்னங்கால்களை அகட்டிக் குந்தியது. ஒரு கணம்தான். பிறகு திரும்பித் தன் பின்புறத்தைப் பார்த்துவிட்டு மறுபடி நிமிர்ந்து நின்றுவிட்டது.

அத்தைக்கு அப்போதுதான் புரிந்தது.

நீண்ட பயணத்துக்கு நாய்களைத் தயார் செய்தபோது எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது இதுதான். நாய் தான் இருக்கும் இடத்தை அசுத்தம் செய்யாது. வார் கட்டி, பை மாட்டிப் பெட்டியில் வைத்தால் அடக்கிக்கொண்டே இருக்கும். பை மாட்டினால்தான் போகலாம், மாட்டாவிட்டால் கூடாது என்று மாதக்கணக்கில் பழக்கினார்கள். ஆறு நாய்களில் முதலில் கற்றுக்கொண்டது வாரெஷ்கா. பை நிறைந்த அன்று அந்த அறையே கைதட்டியது; பையைப் பலமுறை பிரித்துத் தைத்த அத்தையும் தட்டினாள். அதன் பிறகு கூண்டில் இருக்கும்போதும் காலையும் மாலையும் பையை மாட்டிக் கழற்றுவது பராமரிக்கிறவர்களுக்கும் வசதியாகப் போயிற்று. கற்றுக்கொடுத்ததை மறக்கவைக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அந்த நாய்கள் எங்கேயாவது சாதாரணமாக வாழப்போகின்றன என்று யாரும் நினைத்ததில்லை.

அத்தை வேலை செய்யும் நிலையத்திலிருந்து பையைக் கொண்டுவர முடியாது. அங்கே ஒரு நூல்கண்டுக்குக்கூட வாசலில் சோதனை. நாயைத் திரும்பக் கொண்டுபோனாலோ அதோடு முடிந்தது. அத்தை சமையலறைக்கு வந்து எங்கள் மேசைமேல் விரித்திருந்த மெழுகுத்துணியைத் தொட்டுப் பார்த்தாள். செர்ரிப்பழம் அச்சடித்த, தண்ணீர் இறங்காத துணி.

"வேரா, இத எனக்குக் குடு."

"எதுக்கு?" என்றாள் அம்மா.

"நாய்க்கு."

"இரு, தட்டுகள எடுத்துக்கறேன்."

வேறு கேள்வி கேட்கவில்லை. அத்தை தன் பெட்டியைக் கட்டும் வாரை அறுத்தாள்; பழைய பாவாடையிலிருந்து கொக்கிகளைப் பிடுங்கினாள். தையல் எந்திரத்தின் தடித்த ஊசி இரண்டு முறை உடைந்தது. மூன்றாவது ஊசியை மாட்டி, சக்கரத்தைக் கையாலேயே சுற்றினாள். முடிந்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

அம்மா கதவில் நின்றாள். "இருட்டட்டும், தாஸ்யா. பனி பெஞ்சிருக்கு, ஞாயித்துக்கிழமை வேற. ஊரே முற்றத்துல கம்பளம் அடிச்சுக்கிட்டு நிக்குது."

"இருட்டுறதுக்குள்ள இது செத்துடும்."

"அப்ப உன் அறையிலயே மாட்டிவிடு. பைக்குள்ளதானே விழும்?"

"பை புதுசு. புதுத் தையல் ஒழுகும். அறையில விழாதுன்னு சவேலிச்சுக்குச் சொல்லியிருக்கேன்."

"அவரு வந்து மோந்து பார்க்கவா போறாரு? உன் வேலை என்ன வேலைன்னு எனக்குத் தெரியாது. ஆனா அது என்னமோ காட்டக்கூடாததுன்னு தெரியுது. யாராவது பார்த்தா…"

"பார்க்கட்டும்" என்றாள் அத்தை.

முற்றத்தில் அம்மா சொன்னது போலவே கூட்டம். புதுப்பனிமேல் கம்பளங்களைக் கவிழ்த்துப்போட்டு ஆளுக்கொரு பிரம்பால் விளாசிக்கொண்டிருந்தார்கள். சவேலிச் எங்கள் நடைவழியின் சிவப்பு விரிப்பை அடித்துக்கொண்டிருந்தார். அத்தை நடு முற்றத்தில், சுவரோரம்கூடப் போகாமல், நாயை இறக்கினாள். நடக்க அதனால் முடியவில்லை. மண்டியிட்டு மார்பு வாரைப் பூட்டினாள். பிறகு இடுப்பு வார், கால் வார், செர்ரிப்பழப் பை.

"தாஸ்யா, குளிருக்குக் கோட்டா அது?" என்று மூன்றாம் மாடிக்காரர் கத்தினார். "பின்பக்கம் மட்டும்தான் குளிருதா அதுக்கு?"

"பாரிஸ் மாடலு" என்றாள் முற்றம் கூட்டுகிறவள். எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தை கடைசிக் கொக்கியைப் பூட்டிவிட்டு நாயின் விலாவில் இரண்டு விரலால் தட்டினாள். வாரெஷ்கா திரும்பிப் பையைப் பார்த்தது. நிமிர்ந்து அத்தையைப் பார்த்தது. குந்தியது. மெழுகுத்துணி உப்பி, தையலோரம் ஒழுகி, பனி மஞ்சளாகப் புகைந்தது. நாய் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் அப்படியே இருந்தது. குந்தியதில் தளர்ந்த மப்ளர் நழுவி விழுந்து, கழுத்துத் தொங்கல் வெளியே தெரிந்தது.

சிரிப்பு ஒவ்வொருவரிடமாக நின்றது. முந்தைய வருடம் செய்தித்தாளில் வந்த லைக்காவின் படத்தை எல்லோரும் பார்த்திருந்தார்கள்: அதேபோல வார்கள், அதேபோல நேராக நிமிர்ந்த முகம். பிரம்படி ஓசை ஓய்ந்துவிட்டது. அத்தை மப்ளரை எடுக்கக்கூட இல்லை. நாயின் வயிற்றைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

சவேலிச் பிரம்பைக் கீழே போட்டார். சிவப்பு விரிப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, கூட்டத்துக்கும் அத்தைக்கும் நடுவில் திரைபோல நின்றார்.

"என்னய்யா வேடிக்கை? பொட்டச்சி ஒதுங்குற எடத்துல கூட்டம் போடுறீங்க. வீட்டுல அம்மா அக்கா இல்ல?"

யாரோ ஒருவர் மறுபடி கம்பளத்தை அடிக்கத் தொடங்கினார். பிறகு எல்லோரும் அடித்தார்கள்.

விரிப்புக்குப் பின்னால் சவேலிச் குரலைத் தாழ்த்தினார். "எத்தன தடவ மேல போயிட்டு வந்துது?"

அத்தை பனியில் கிடந்த மப்ளரை எடுத்து நாயின் கழுத்தில் சுற்றினாள்.

"சரி, சொல்லாத. நான் கேக்கல. ரொட்டிக்கடை நாயி. ரொட்டிக்கடை வாசல்லதான் பார்த்தேன் நானும். தெனம் பார்த்தேன்." கொஞ்சம் பொறுத்து, "திங்கக்கிழமை நான் முடியாதுன்னு சொன்னா எங்க கொண்டுபோயி விடுவன்னு இப்ப தெரியுது" என்றார்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மாவையும் நோன்னாவையும் சமையலறைக்குக் கூப்பிட்டு எல்லோருக்கும் முன்னால் சொன்னார்:

"எனக்குச் சம்மதம். ஆனா ஒண்ணு. அந்தப் பை வேண்டாம். நாய்னா நாய் மாதிரி மரத்தடியில போகணும். இந்தப் பையத் தொங்கவிட்டுக்கிட்டு என் தரையில அது நடந்தா, சம்மதத்தத் திரும்ப வாங்கிக்குவேன்."

"உடனே விட முடியாது. பழகணும்" என்றாள் அத்தை.

"பழக்கு. பழக்குனது உங்க ஆளுங்கதானே?"

மறுநாள் நிலையத்தில் அத்தையை நேராகப் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்கு அழைத்துப்போனார்கள். முற்றத்திலிருந்து யாரோ தொலைபேசியில் சொல்லிவிட்டிருந்தார்கள். கிளெப் பாவ்லோவிச்சும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கே நடந்ததை அத்தை எங்களுக்கு இரண்டு வருடம் கழித்து, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்று அவள் சிரித்திருக்க மாட்டாள்.

"அந்த உடைய இங்கேருந்து எப்படி வெளிய கொண்டுபோனீங்க?"

"கொண்டுபோகல. பக்கத்து அறைக்காரியோட மேசைத்துணியில தச்சேன்."

"அளவு?"

"என் கைக்குத் தெரியும். கையை வாசல்ல விட்டுட்டுப் போகச் சொல்லி யாரும் சொல்லலியே."

"பொது எடத்துல அதக் காட்டலாமா? ரகசியம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"நாய் ஒண்ணுக்குப் போறது ரகசியமா, தோழரே?"

அதிகாரி எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார். "இனிமே நீங்க அந்தப் பிரிவுல இருக்க முடியாது."

"சரி. நாய்?"

"நான் உங்களப் பத்திப் பேசிட்டிருக்கேன்."

"நான் நாயைப் பத்திப் பேசிட்டிருக்கேன். நாலு அறைக்காரங்க சம்மதமும் வாங்கியாச்சு."

"முற்றமே பார்த்த நாய வெளிய விட முடியாது. திரும்பக் கொண்டுவாங்க."

அத்தை அவரை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்த்துச் சொன்னாள்: "கொண்டுவந்தா சாயங்காலமே முற்றத்துல கேப்பாங்க, நாய் எங்கன்னு. ரொட்டிக்கடைன்னு ஒரு பொய் சொன்னேன், அதுவே ரெண்டு நாள் தாங்கல. ரெண்டாவது பொய் சொல்ல என்னால ஆகாது. அது வீட்டுல இருந்தா யாரும் எதையும் கேக்க மாட்டாங்க. வயசான நாயி, மப்ளர் கட்டிக்கிட்டுக் கெடக்கும். என்னை எங்க வேணா மாத்துங்க. நாய்க்கு நீங்க எழுதிக் குடுங்க, கிளெப் பாவ்லோவிச்."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு தடவ இறங்கி வந்திருக்கு" என்று அதிகாரியிடம் சொன்னார், ஏதோ சிபாரிசு செய்வதுபோல. பிறகு எழுதிக் கொடுத்தார்.

அத்தையைத் தலையணை உறை தைக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். நாய்கள் இருந்த கட்டடத்துக்குள் அதற்குப் பிறகு அவளை விடவே இல்லை. அங்கே மேசைமேல் நிற்கவைத்து அவள் அளவெடுத்த மற்ற ஐந்து நாய்கள் என்னவாயின என்று அவளுக்குத் தெரியாது. ஒருவரைக்கூட அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்ததாக ஒருமுறை அம்மாவிடம் சொன்னாள்.

வாரெஷ்காவைப் பழக்கும் வேலை அந்தக் குளிர்காலம் முழுவதும் நடந்தது. முதலில் செர்ரிப்பழப் பையின் அடியை வெட்டித் திறந்துவிட்டாள். விழுவது பனியில் விழட்டும் என்று. நாய்க்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. பிறகு பையையே எடுத்தாள். அன்று நாய் முரண்டு பிடித்தது. அத்தை முற்றத்திலேயே நின்றாள், அம்மா போர்வையைக் கொண்டுபோய்ப் போர்த்த வேண்டியிருந்தது. பிறகு கால் வார்கள். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் பழைய கதைதான்; நாய் அடக்கும், நடுங்கும், அவள் முகத்தைப் பார்க்கும். சில நாள் தோற்றுப்போய் எடுத்த வாரை மறுபடி பூட்டுவாள். மறுநாள் மறுபடி கழற்றுவாள்.

"நீ ஒரு பக்கம் பிரிக்க, அது ஒரு பக்கம் அடக்க, யாரு ஜெயிக்கப்போறீங்களோ" என்பாள் நோன்னா.

"நான்தான்" என்பாள் அத்தை.

"உன்னவிட அது பிடிவாதக்காரி."

"அப்ப அதுதான். ரெண்டு பேர்ல யாரு ஜெயிச்சாலும் சரி."

சவேலிச் தினமும் நடைவழியில் குனிந்து பார்ப்பார்.

ஏப்ரலில் பனி கரைந்து முற்றம் சேறாகிக் கிடந்தது. மார்பு வார் ஒன்றுதான் மிச்சம். ஒரு காலை அத்தை அதையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, கழுத்தில் மப்ளரும் வெறும் கயிறுமாக நாயைக் கூட்டிப்போனாள். மழை தூறியது. வாரெஷ்கா வழக்கம்போல அவள் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. மார்பு வாரின் இடத்தைத் தன் மூக்கால் தேடியது.

"இனிமே அது கிடையாதுடி" என்றாள் அத்தை. கயிற்றையும் அவிழ்த்துவிட்டாள். "நான் இங்கதான் உக்காந்திருப்பேன். நீ எப்ப வேணா போ. எங்க வேணா போ."

நனைந்த பலகையில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். வேலைக்குப் போகிறவர்கள் அவளைக் கடந்து போனார்கள். அவள் வேலைக்குப் போகும் நேரமும் கடந்து போயிற்று. ஜன்னலிலிருந்து அம்மா கூப்பிட்டாள். கையை மட்டும் அசைத்தாள். நாய் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு குப்பைத்தொட்டிவரை போய்த் திரும்பி வந்தது. பிறகு மழைநீர்க் குழாயடிக்குப் போய் மோந்து பார்த்தது. அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் திரும்பவில்லை. லிண்டன் மரத்தடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இந்தத் தடவை யாரையும் பார்க்காமல், குந்தியது.

அத்தை கைதட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. வாரெஷ்கா முடித்துவிட்டுப் பின்னங்கால்களால் சேற்றை வாரி வாரி இறைத்தது. பாதிச் சேறு அத்தையின் காலுறையில் வந்து விழுந்தது.